ஏழாம் நம்பரின் இரண்டு ஓட்டைகள்

போன வெள்ளி, ஜும்ஆத் தொழுகை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ஹாஜியார் தோளில் கை வைத்தார். எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்தின் பெரியவர் அவர். வாசிகசாலை ஹோலின் பூட்டும் திறப்பும் அவர் கையில்தான்.

“தம்பி, ஹோல்ல ஸரீனா கண்காட்சி வெச்சிருக்கா. சிலை வெக்கிறது மார்க்கத்துக்குக் கூடாதெண்டு ரெண்டு பேர் வந்து சொல்றாங்க. எனக்கு இதெல்லாம் விளங்காது. நீங்க எழுதுற ஆள்... ஒருக்காப் பாத்துட்டு வாங்க. முகம், கண் ஒண்டும் இல்லாட்டி இருந்துட்டுப் போகட்டும்.”

விளங்காதவர் அவர். விளங்குகிறவன் நானாம்! மறுப்பேனா?

ஸரீனாவின் கணவருக்கு மதுரங்குளியில் கேட், கிரில் செய்யும் வெல்டிங் கடை. அங்கே மிஞ்சும் இரும்பு, பித்தளைத் துண்டுகளை ஒட்டித்தான் ஸரீனா இந்தச் சிற்பங்களைச் செய்திருந்தாள். நாலு வருட உழைப்பு — முதல் கண்காட்சி — மூன்றே நாள்.

உள்ளே போனேன். எல்லாம் உள்ளங்கை அளவு. வளைந்தது ஒன்று, முறுகியது ஒன்று. எதுவும் எதைப் போலவும் இல்லை. பெயரும் இல்லை, நம்பர் மட்டும்.

அப்போதே எனக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது. பேக்கரியில் பாண் வாங்கினாலும் திருப்பிப் பார்த்து வாங்குகிற ஆள் நான். ஏன் பெயர் வைக்கவில்லை? எதை மறைக்கிறாள்? இந்த வளைவு கழுத்தோ? அந்த முனை மூக்கோ? குனிந்து பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபக்கம் போய்ப் பார்த்தேன். மூலையில் கதிரையில் உட்கார்ந்திருந்த ஸரீனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழாம் நம்பரில் பிடித்துவிட்டேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள்!

“இது... கண் மாதிரி இருக்கே?”

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மூடுகிற வாயா இது?

“ஓம் ஓம், மீன்!” என்றார் பின்னால் நின்ற மீன் வியாபாரி. “எங்கட மாமி முறைக்கிற மாதிரியே இருக்கு” என்று ஒரு பெண் சிரித்தாள். ஐந்து நிமிடத்துக்கு முன் ஒருவருக்கும் தெரியாத கண்கள் இப்போது எல்லோருக்கும் தெரிந்தன. கதை ஹாஜியாரின் காதுக்குப் போக எவ்வளவு நேரம் வேண்டும்? மாலை அஸர் தொழுகைக்கு முன்பே ஹோலைப் பூட்டிவிட்டார்கள்.

ஸரீனா அழவில்லை. ஏழாம் நம்பரை என் கையில் வைத்தாள். அண்ணன் முறையில் என்னை அவள் கூப்பிடுவது ‘நானா’ என்றுதான்.

“நானா, இது பிணைச்சல். உங்கட வீட்டு கேட் திறந்து மூடுறதும் இதே மாதிரி ஒண்டுலதான். இது ஆணி போற ஓட்டை. எங்க கண்?”

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிணைச்சலேதான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஹாஜியாரிடம் ஓடினேன். “பிழை என்னிலதான், ஹாஜியார். அது கண் இல்ல, வெறும் ஓட்டை.”

“இப்ப சொல்லி என்ன தம்பி? நீங்க சொன்னத நம்பித்தானே பூட்டினேன். ஊரே கண் எண்டு கதைக்குது. அந்த ஓட்டைய அடைக்கச் சொல்லுங்க, திறப்பத் தாறேன்.”

அதையும் நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் சண்டை பிடிக்கவில்லை.

“அந்த ரெண்டு ஓட்டையால வெளிச்சம் வாறத்துக்காகத்தான் நானா அதச் செஞ்சேன்” என்றாள். அவ்வளவுதான். கணவரின் கடைக்குப் போய், முகமூடியை மாட்டிக்கொண்டு வெல்டிங் கம்பியை எடுத்தாள். தீப்பொறி பறந்தது. பார்க்கப் பொறுக்காமல் நான் ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றேன்.

மறுநாள் ஹோல் திறந்தது. நல்ல கூட்டம். வந்தவர்கள் எல்லோரும் ஏழாம் நம்பரைத்தான் தேடினார்கள். ஓட்டைகள் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புத் தழும்புகள்... வெளிச்சம் வர வழியில்லை. “எங்க கண்? எங்க கண்?” என்று கேட்டுக்கேட்டுப் போனார்கள். மற்றச் சிற்பங்களை ஒருவரும் நின்று பார்க்கவில்லை. ஸரீனா எல்லோருக்கும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

எங்கள் ஊரில் சிலைக்குக் கண் வைத்த ஆள் யாரென்று யாராவது கேட்டால் சொல்லுங்கள் — ஸரீனா இல்லை, நான்தான்.