கப்பலில் வராத கற்கள்

உச்சி வெயிலில் இளகிய தார் உள்ளங்காலில் ஒட்டிப் பிய்ந்து வரும்போது உண்டாகும் எரிச்சல், திருகோணமலைக் கோட்டை என்ற பேச்சை எடுத்தாலே இன்றைக்கும் எனக்குக் காலில் ஏறுகிறது. மூதூரிலிருந்து காலை ‘லோஞ்ச்’ படகில் புறப்பட்டு, கொட்டியாரக் குடாவைக் கடந்து, துறைமுக வாயில் மலையிலிருக்கும் ஒல்லாந்தர் கோட்டையைக் கடலில் இருந்தபடியே பார்த்துவிட்டு, பிறகு பட்டினத்துக் கோட்டைக்குள் நடந்து போவதென்று அப்பா போட்ட திட்டம் அது. அப்பா ‘கந்தோரில்’ எழுதுவினைஞர். வெள்ளைக்காரன் கட்டிய மதில்களென்றால் அவருக்கு அப்படியொரு மதிப்பு. அவருடைய கூட்டாளி, மூதூரில் புடைவைக்கடை வைத்திருந்த ஹனீபா நானாவும் அன்று எங்களோடு வந்திருந்தார்.

கோட்டை வாசலுக்கு வந்ததும் அம்மா நின்றுவிட்டார்.

“எல்லாரும் செருப்பைக் கழட்டுங்கோ.”

“கோயில் அங்கால, மலை உச்சியில. இது கோட்டையப்பா” என்றார் அப்பா, தன் புதுச் ‘சப்பாத்தை’ப் பார்த்தபடி.

“ஓம், கோட்டைதான். போர்த்துக்கீசப் பறங்கி எங்கட கோயிலை இடிச்ச கல்லிலதானே இதைக் கட்டினவன்? மதிலுக்குள்ள எது கிடக்கு, மண்ணுக்குள்ள எது கிடக்கு எண்டு உங்களுக்குத் தெரியுமே? கோயில் கல்லைச் செருப்போட மிதிக்க ஏலாது.”

ஊரில் மற்றவர்கள் உச்சியிலுள்ள கோயில் வாசலில்தான் செருப்பைக் கழற்றுவார்கள். அம்மாவின் குடும்பத்தில் மட்டும் கோட்டை மதிலிலேயே கழற்றிவிடுவது வழக்கம். அந்தக் குடும்பத்தில் பிறந்ததற்காக நானும் தம்பியும் மலைப்பாதை நெடுகத் துள்ளித் துள்ளி நடந்தோம். எனக்கு அம்மாமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அப்பா சப்பாத்து இரண்டையும் கையில் தூக்கிக்கொண்டு, தெரிந்தவர் யாரும் எதிரே வந்துவிடக் கூடாதே என்று பார்த்துக்கொண்டு வந்தார். ஹனீபா நானா மட்டும் யாரும் கேட்காமலே செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். “பள்ளிவாசலுக்குள்ள நாங்களும் செருப்போட போறதில்லத்தானே, தங்கச்சி” என்றார் அம்மாவிடம்.

வாசல் கல்லில் செதுக்கியிருந்த இரண்டு மீன்களை அம்மா தொட்டுக் கண்ணில் ஒற்றினார். அதோடு விட்டாரா? வழியில் கண்ட மதிலையெல்லாம் தொட்டு ஒற்றிக்கொண்டே வந்தவர், கடைசியில் புதிதாகக் கட்டிச் சுண்ணாம்பு பூசியிருந்த தண்ணீர்த் தொட்டிச் சுவரையும் விடவில்லை. அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா கொஞ்சமும் அசரவில்லை. “அதுக்குள்ளயும் ஒண்டு கிடக்கும்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

இந்த வருடம் கனடாவிலிருந்து என் சித்தி மகள் தன் மகனோடு வந்திருந்தாள். கரையோரக் கோட்டைகளை ஒரே நாளில் சுற்றிக்காட்டும் பயணத்துக்கு எனக்கும் சேர்த்துப் பதிந்திருந்தாள். குளிரூட்டிய ‘வான்’ வண்டி, தண்ணீர்ப் போத்தல், வழிகாட்ட ஒரு பெடியன். வாசலில் இறங்கிய அவள் மகன் கைத்தொலைபேசியில் படம்பிடித்தபடி, இந்த மீன்கள் என்ன என்று கேட்டான்.

“சும்மா அலங்காரம்” என்றான் வழிகாட்டி. “முந்தி இது வெறும் காடு. ஆக்கள் இருக்கேல்ல. கல்லெல்லாம் வெளிநாட்டில இருந்து கப்பலில வந்தது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காடாம்! ஆட்கள் இல்லையாம்! அப்படியென்றால் பறங்கி யாருடைய கோயிலை இடித்தான்?

“தம்பி, நீர் எந்த ஊர்?”

“மூதூர் அக்கா.”

அதைக் கேட்டதும் இன்னும் கூடிவிட்டது. வேற்றூர்ப் பிள்ளை என்றால் தெரியாமல் சொல்கிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். “மூதூர்ப் பெடியன் சொல்லுற கதையே இது? இது கோணேசர் கோயில் கல்லெண்டு உமக்குத் தெரியாதே?” என்று கத்தினேன். வண்டியில் வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“தெரியும் அக்கா” என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. “கொம்பனி தந்த கதையைத்தான் சொல்லலாம். கோயில், இடிச்சது எண்டு தொடங்கினா ஆக்கள் முகம் சுழிக்கினமாம். கூட்டிச் சொன்னா வேலை போயிடும்.”

தெரிந்தே சொல்கிறான்! மதிலை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு மதிலின் கதை கசக்கிறது. வயிற்றுப்பாட்டுக்கு வந்த பிள்ளையைத் திட்டவும் வாய் வரவில்லை, பேசாமல் இருக்கவும் முடியவில்லை. “விடுங்கோ அக்கா, ஒரு நாள் பயணம்தானே” என்று தங்கச்சி என் கையைப் பிடித்து இழுத்தாள். விடவில்லை. அந்த வாசலிலேயே நின்று, இடித்தது, கடலில் தள்ளியது, மிச்சத்தை மதிலாக்கியது என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லி முடித்தேன். தங்கச்சி மகன் கைத்தொலைபேசியை என் பக்கம் திருப்பியபடியே நின்றான். இவனாவது கேட்டானே என்று மனம் ஆறியது.

இப்போது மலைக்கு ‘ஓட்டோ’ போகிறது. அந்தப் பாதையில் நடப்பவர்களே குறைவு. மூதூர் லோஞ்சில் முன்போலக் கூட்டமில்லை. அம்மாவும் இல்லை, ஹனீபா நானாவும் இல்லை. இவையெல்லாம் போகிற காலம் வந்து போனவை. அதற்காக நான் யாரோடும் சண்டை பிடிக்க மாட்டேன்.

கனடாவுக்குப் போய்ச் சேர்ந்ததும் தங்கச்சி மகன் அந்தக் காணொளியை எனக்கு அனுப்பியிருந்தான். மீன்கள் இருந்தன. காடு, கப்பல் எல்லாம் வழிகாட்டியின் குரலில் ஒரு சொல் குறையாமல் இருந்தன. நான் வாயைத் திறக்கிற இடத்தில் படம் கடலுக்குத் தாவியது. தொலைபேசியில் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“அதில நீங்க சும்மா சத்தம் போடுறீங்கள், பெரியம்மா” என்றான். “அதான் வெட்டினனான்.”