தாழ்ப்பாளுக்கு டேக் இல்லை

மும்பை மாட்டுங்காவில் சாருலதாவின் சமையலறையில் டப்பா எல்லாம் ஒரே அளவு, லேபிள் எல்லாம் ஒரே கையெழுத்து. கணவர் பத்ரி துவரம்பருப்பைக் கடலைப்பருப்பு டப்பாவில் கொட்டிவிட்டால் அன்றைக்குச் சாம்பார் கிடையாது, கச்சேரிதான். இன்சூரன்ஸ் ஆபீசிலும் பக்கத்து மேஜை ஃபைலை அடுக்கிவைத்துவிட்டுத்தான் டிபனைத் திறப்பாள்.

இப்படிப்பட்டவள் கையில், பலர் சம்பளமில்லாமல் சேர்ந்து இணையத்தில் வரையும் வரைபடம் ஒன்று அகப்பட்டால் கேட்கவா வேண்டும்? ஒவ்வோர் இடத்துக்கும் அது என்ன, எப்படிப்பட்டது என்று டேக் போட வேண்டும். தாராவியில் ஆளுக்கொரு டேக் போட்டு வைத்திருந்தார்கள். பொதுக் கழிப்பறை ஒருவருக்கு 'டாய்லெட்', இன்னொருவருக்கு 'சண்டாஸ்'. அந்த வரைபடக் குழுவில் இருந்த ஷர்மிளா, தாராவியில் பை தைப்பவள், தன் சந்தில் இருப்பதற்குக் கதையே எழுதியிருந்தாள்: 'கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பெண்கள் துணையில்லாமல் போக முடியாது.'

குழு ஒத்துக்கொண்ட டேக்குகளில் தாழ்ப்பாளுக்கு இடமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாருலதா உட்கார்ந்து, அத்தனையையும் ஒரே மூச்சில் 'பொதுக் கழிப்பறை, ஆண் பெண் இருவருக்கும், பயன்பாட்டில் உள்ளது' என்று மாற்றினாள். ஷர்மிளா எழுதியதை அழித்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழுவில் ஆளாளுக்குப் பாராட்டினார்கள். அந்தப் பெருமையில் பத்ரிக்குப் பாயசம்கூடக் கிடைத்தது.

மழைக்காலம் முடிந்ததும், பெண்களுக்குக் கழிப்பறை கட்டித்தர ஓர் அறக்கட்டளை வந்தது. வரைபடத்தைப் பார்த்து, ஷர்மிளாவின் சந்தில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று வேறு பக்கம் அஸ்திவாரம் தோண்டிவிட்டது.

ஷர்மிளா போன் செய்தாள். "என்னக்கா இப்படிப் பண்ணிட்டிய? பகல்ல எல்லாரும் வேலைக்குப் போயிருதோம். எங்கம்மாவுக்குக் கதவு பிடிக்க ஆளில்ல. நான் வார வரைக்கும் தண்ணிகூடக் குடிக்காம கெடக்கா."

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும்னுதான் ஷர்மிளா…"

"ஒரே மாதிரியாக்கா இருக்கு?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்று நாம் சொல்லிவிடலாம். சாருலதாவுக்கு அந்தச் சமாதானம் தொண்டையில் இறங்கவில்லை. ஒரு கிழவியின் தண்ணீரைப் பிடுங்கிவிட்டோமே என்று குற்ற உணர்ச்சி அரித்தது. அழித்ததைத் திரும்ப எழுதினாள். அறக்கட்டளையிடம் கெஞ்சினாள். இனி அடுத்த வருஷம்தான் பார்க்க முடியும் என்றார்கள்.

ஆபீசுக்கு லீவு போட்டு, மன்னிப்புக் கேட்கத் தாராவிக்குப் போனாள். ஷர்மிளா வேலைக்குப் போயிருந்தாள். அவள் அம்மா சீனியம்மாள்தான் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாருலதா யாரென்று அவளுக்குத் தெரியாது.

"யாரு தாயி? யாரா இருந்தா என்ன, கொஞ்சம் வந்து கக்கூஸ் கதவப் பிடிச்சுக்கிடுதியா?"

தகரக் கதவு. விட்டால் திறந்துகொள்ளும். எதிரே பீடி குடித்துக்கொண்டிருந்த ஆண்கள் பார்க்க, சாருலதா இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரு பெத்த புள்ளையோ, நீ நல்லாருப்ப தாயி."

சாருலதாவுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை. கையை எடுத்தால் கதவு திறந்துவிடும்.