நாற்பத்தாறு புத்தகமும் ஒரு சாம்பார் வாளியும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து யோகேஸ்வரியை நாற்பத்தாறு புத்தகம் ஏமாற்றிவிட்டது. ஒன்றிரண்டு என்றால் போகட்டும் என்று விடலாம். நாற்பத்தாறு! கேட்டவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

யோகேஸ்வரி எங்கள் லயத்து வரிசையில் நாலாவது வீடு. வயது நாற்பத்தெட்டு. கொழுந்து வெட்டும் மெஷினை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடிப்பார்கள். அவள் பிடித்த வரிசை மட்டும் முடிவெட்டுக் கடையில் உட்கார்ந்துவிட்டு வந்த மாதிரி ஒரே மட்டமாக இருக்கும். புருசன் புனிதன் லெம்பா பெர்த்தாமில் கோசு லோரி ஓட்டுகிறான். அவனுக்குப் பேச்சு வரும் என்று சொல்கிறார்கள், நான் கேட்டதில்லை.

அவள் பிறந்ததிலிருந்து இடது கைக்காரி. பள்ளிக்கூடத்தில் ரோத்தான் பிரம்பால் அடித்து அடித்து எழுத்தை மட்டும் வலது கைக்கு மாற்றினார்கள். மற்றதெல்லாம் இடதுதான். கல்யாணமான மறுநாள் மாமியாருக்கு இடது கையால் காப்பியை நீட்டினாள். அந்தக் காப்பி ஆறி, ஏடு கட்டி, சாயங்காலம் வரைக்கும் மேசையிலேயே கிடந்தது. கிழவி சாகும்வரை அவள் கையால் ஒரு வாய் வாங்கிக் குடிக்கவில்லை. இதை நான் சொன்னேன் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம்.

அந்தக் காலத்தில்தான், தொண்ணூற்றெட்டில், பிரிஞ்சாங் டவுனில் ஹஃபீஸ் பாயின் பேப்பர் கடையில் அந்தப் புத்தகம் அவள் கண்ணில் பட்டது. ஜப்பான்காரன் வரைந்த படக்கதை, மலாய் மொழியில் போட்டிருந்தார்கள். ரயிலடியில் கட்டுச்சோறு விற்கிற ஒரு பெண் கொலைகளைத் துப்பறிவாள். நாங்கள் அவளுக்கு வைத்த பேர் கட்டுச்சோத்துக்காரி. அட்டையில் அவள் சிரித்துக்கொண்டே ஒரு டப்பாவில் சோறு போடுகிறாள். எந்தக் கையால்? இடது கையால்!

யோகேஸ்வரி கடையிலேயே நின்று பக்கம் பக்கமாகப் புரட்டியிருக்கிறாள். போலீஸ்காரன் இடது கையால் எழுதுகிறான். டிக்கெட் வாங்குகிறவன் இடது கையை நீட்டுகிறான். குச்சியால் சாப்பிடுகிறவன், பல் விளக்குகிறவன், கத்தியால் குத்துகிறவன், எல்லாரும் இடது கை.

"பாய், இந்த ஊர்ல எல்லாருமே பீச்சாங்கையா?"

"படத்துல அப்படித்தானே தங்கச்சி இருக்கு. ஜப்பான்காரன் எல்லாத்துலயும் தனி லா."

அதற்குப் பிறகு அவள் ஒரு புத்தகம் விட்டதில்லை. அந்தப் புத்தகங்கள் வருகிற கதையே தனி. ஜப்பானில் ஒரு வாரப் பத்திரிகையில் வாரத்துக்குப் பதினெட்டுப் பக்கம் வரும். பத்துப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதைச் சேர்த்துக் கையடக்கமாக ஒரு புத்தகம் போடுவான். கோலாலம்பூர் கம்பெனிக்காரன் அதை வாங்கி மலாயில் மாற்றி அச்சடிப்பான். வருசத்துக்கு மூன்று வந்தால் பெரிது. ஜப்பானில் முப்பது வருசமாக நிற்காமல் ஓடி, நூறைத் தாண்டிவிட்டது. இதெல்லாம் ஹஃபீஸ் பாய் சொல்லி அவளுக்கும், அவள் சொல்லி எனக்கும், நான் சொல்லித் தோட்டத்துக்கும் தெரியும்.

அவள் படித்தது ஒரு பக்கம், நம்பியது இன்னொரு பக்கம். ஜப்பானில் சட்டைப் பாக்கெட் வலப்பக்கம், கைக்கடிகாரம் வலது கையில், கார் நம் ஊருக்கு நேர்மாறாக ரோட்டின் வலப்பக்கம் போகும் என்று அடித்துச் சொல்வாள். யார் மறுத்துப் பேச? எங்களில் ஈப்போவைத் தாண்டியவனே பாதிப் பேர்தான்.

இப்போது மாடசாமிக்கு வருகிறேன். எங்கள் மாரியம்மன் கோயில் தலைவர். பழைய கங்காணி மகன். கங்காணி போய் நாற்பது வருசம் ஆகியும் மகனுடைய விரல் மட்டும் இன்னும் கீழே இறங்கவில்லை. யாரைப் பார்த்தாலும் நீட்டுவார். திருவிழா அன்னதானத்தில் யோகேஸ்வரி சாம்பார் வாளியைத் தூக்கியபோது அந்த விரல் வந்தது.

"ஏம்மா, பீச்சாங்கைல ஊத்துறதுக்கா அம்மன் சோறு? வாளிய வச்சிட்டு எல எடு."

மற்றவர்கள் சாப்பிட்ட எச்சில் இலையை எடுக்க அதே கை ஆகுமாம், சாம்பாருக்குத்தான் ஆகாதாம்! அவள் இலை எடுத்தாள். ஆனால் அடுத்த கோயில் கூட்டத்துக்கு அரிசிப் பையில் புத்தகங்களோடு வந்து மேசையில் கொட்டினாள். மாடசாமி முன்னால் ஒவ்வொன்றாக விரித்தாள்.

"பாருங்க தலைவரே. இவ சோறு போடுறா. என்ன கை? இவன் சாமிக்கு மணி அடிக்கிறான். என்ன கை? நீங்க ஓட்டுற காடி யாரு செஞ்சான்? இந்தக் கைக்காரன்தானே செஞ்சான்? பன்னெண்டாவது புத்தகத்துல கொலைகாரன எப்படிப் புடிச்சாங்க தெரியுமா? ஊரே இடது கை, அவன் ஒருத்தன்தான் சோத்தாங்கை. அதுலயே மாட்டிக்கிட்டான்!"

கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. மாடசாமி தன் வலது கையை மேசைக்கு அடியில் விட்டுக்கொண்டார். அன்றிலிருந்து சாம்பார் வாளி அவளுடையது. பதினாறு வருசம் ஊற்றினாள். கேட்டவனுக்குக் காயும், கேட்காதவனுக்கு முருங்கைக்காயும் விழும். ஒருத்தனுக்கும் வயிறு வலித்ததில்லை.

பெர்த்தாமில் சேறு வந்து வீடுகளை அடித்த வருசம், கோலாலம்பூர் கம்பெனியும் படுத்துவிட்டது. நாற்பத்தாறாவது புத்தகத்தோடு சரி. அது எங்கே நின்றது தெரியுமா? பனியில் மாட்டிய ரயில், பதினோரு பயணிகள், ஒரு பிணம். கட்டுச்சோத்துக்காரி எழுந்து, "கொலைகாரன் இந்தப் பெட்டியில்தான் இருக்கிறான்" என்கிறாள். அவ்வளவுதான், கடையை மூடிவிட்டான்! அந்தப் பதினோரு பேரையும் பதினோரு வருசம் மனதில் வைத்துக்கொண்டு அவள் கொழுந்து வெட்டினாள். ஒரு மன்னிப்பு, ஒரு அறிவிப்பு, ஒரு துண்டுத்தாள் போட்டார்களா? இல்லை.

பிறகு வேறொரு கம்பெனி உரிமை வாங்கி, ஒன்றிலிருந்து மறுபடி போட ஆரம்பித்தது. மாதத்துக்கு ஒன்று, பிளாஸ்டிக் உறை ஒட்டி வரும். பிரித்துப் பார்க்க முடியாது. படித்ததை ஏன் வாங்க வேண்டும் என்று அவள் நாற்பத்தேழுக்காகக் காத்திருந்தாள். போன வருசம் அது வந்தது. பிரிஞ்சாங்கில் வாங்கி, லயத்து வாசலில் உட்கார்ந்து உறையைக் கிழித்தாள். நான் அப்போது அங்கேதான் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் பக்கத்தில், "நில்லுங்கள், இது கடைசிப் பக்கம்" என்று போட்டிருந்தது. ஜப்பானில் படிக்கிறபடியே, பின்னாலிருந்து முன்னால், வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டுமாம். சரி என்று திருப்பினாள். நாலு பக்கம் போனதும் அவள் முகம் செத்துப்போனது.

"அண்ணே, இவ சோத்தாங்கைல சோறு போடுறா."

அச்சுப் பிழையாக இருக்கும் என்றேன். அடுத்த பக்கம் போலீஸ்காரனும் வலது. டிக்கெட் கேட்கிறவனும் வலது. அன்றைக்கே என் மோட்டாரில் ஹஃபீஸ் பாய் கடைக்குப் போனோம். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓரத்தில் இருந்த சின்ன எழுத்தைப் படித்தார்.

"அந்தப் பழைய கம்பெனிக்காரன், நம்மாளு இடமிருந்து வலம் படிக்கிறானேன்னு, படத்தையெல்லாம் கண்ணாடில பாக்குற மாதிரி திருப்பி அச்சடிச்சிருக்கான் தங்கச்சி. வசனத்துலயும் இடதுன்னு இருந்தா வலதுன்னு மாத்திட்டான். இவன் திருப்பல."

"அப்ப ஜப்பான்காரன்?"

"நம்மளப் போலத்தான் லா."

அவள் புதுப் பன்னிரண்டாவது புத்தகத்தை எடுத்து, அங்கேயே உறையைக் கிழித்தாள். கொலைகாரன் இடது கைக்காரன். ஊரே வலது, அவன் ஒருத்தன்தான் இடது. அதிலேயே மாட்டிக்கொள்கிறான்.

"பதினஞ்சு வருசம்ணே," என்றாள். "ஒரு வார்த்த, திருப்பிப் போட்டிருக்கோம்னு ஒரு வார்த்த எழுதக்கூடாதா? படிக்கிறவளுக்குக் கை இருக்குன்னு ஒருத்தனுக்குமா தோணல?"

எனக்கும் ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. பழைய கம்பெனிக்காரனைத் திட்டுகிற சாக்கில் நாலு பேரிடம் சொன்னேன். நாலாவது ஆள் மாடசாமியின் மச்சான்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கூட்டம் போட்டார்கள். மாடசாமி எழுந்தார். பதினாறு வருசமாக மேசைக்கு அடியில் கிடந்த கை வெளியே வந்தது.

"ஜப்பான் கேஸு முடிஞ்சிருச்சு. கொலைகாரனே பீச்சாங்கைக்காரன்தானாமே! இந்த வருசம் வாளி வேற கைக்குப் போவுது. யோகேஸ்வரி எல எடுக்கட்டும்."

சிரித்தார்கள். அன்றைக்கு அவளுக்குக் கைதட்டிய அதே ஆட்கள். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், நான் என் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

திருவிழா அன்று காலை கோயில் வாசலில் பேனர் கட்டியிருந்தது. நடுவில் அம்மன், பக்கத்தில் அம்மன் அளவுக்கே மாடசாமி. போன வருசம் அன்னதானத்தில் முதல் கரண்டி சோறு போட்ட போட்டோ. அம்மனைப் பார்த்தபடி, பணிவாக, வெள்ளைச் சட்டையில் நிற்கிறார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. யோகேஸ்வரி சேலையைச் செருகிக்கொண்டு இலை எடுக்கிற வாளியோடு வந்தவள், பேனர் முன்னால் நின்றாள். நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"தலைவரே! கொஞ்சம் வாங்க. உங்க சட்டைப் பாக்கெட் எந்தப் பக்கம்?"

மாடசாமி நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். "இந்தப் பக்கம். இடது பக்கம்தான்."

"பேனர்ல?"

எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். பாக்கெட் வலப்பக்கம்.

"வாட்ச்சு எந்தக் கைல கட்டுவீங்க? பேனர்ல எந்தக் கை? இப்ப சொல்லுங்க, அம்மனுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு எந்தக் கையால சோறு போடுறீங்க?"

பத்தடி உயரத்தில் கோயில் தலைவர் பீச்சாங்கையால் சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏய், அது பேனர் கடைக்காரன் பண்ணுனது லா! போட்டோல நான் அம்மனுக்கு முதுகக் காட்டிக்கிட்டு இருந்தேன். அம்மனப் பாத்து நிக்கணுமேன்னு திருப்பிப் போட்டுட்டான்!"

"திருப்புனது யாரு தப்பு?"

"அவன் தப்பு!"

"உங்களத் திருப்புனா கடைக்காரன் தப்பு. கட்டுச்சோத்துக்காரியத் திருப்புனா மட்டும் என் கை தப்பா?" அவள் இலை வாளியைக் கீழே வைத்தாள். "பதினாறு வருசம் நீங்களும்தான் என் கையால வாங்கித் தின்னீங்க. புத்தகமா ஊத்துச்சு? பேனர இறக்குங்க. இல்ல, வாளியக் குடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. மாடசாமி பேனரைப் பார்த்தார். அம்மன் அளவுக்குத் தன் முகம். கீழே பட்டத்தோடு பேர். அதை இறக்க அவருக்கு மனசு வருமா? தோட்டத்தில் எல்லாருக்கும் பதில் தெரியும். அவர் சாம்பார் வாளியைக் காலால் ஒரு சாண் அவள் பக்கம் நகர்த்தினார். காலால்!

"கையால குடுங்க," என்றாள்.

குடுத்தார். வலது கையால்தான். அவள் இடது கையால் வாங்கினாள்.

அன்றைக்கு முதல் பந்தியில் மாடசாமி இலைக்கு அவள் இரண்டு கரண்டி ஊற்றினாள், காயோடு. அவர் தலை நிமிரவில்லை. ஆனாலும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. எப்படி அடங்கும்? பழைய கம்பெனி இருந்த விலாசத்துக்கு மலாயில் மூன்று பக்கம் கடிதம் எழுதினாள். ஆளில்லை என்று திரும்பி வந்தது. புதுக் கம்பெனிக்கும் எழுதினாள். அவர்கள் தள்ளுபடி கூப்பன் அனுப்பினார்கள். அதை அவள் அடுப்பில் போட்டாள்.

நாற்பத்தேழைப் பிறகு உட்கார்ந்து முழுசாகப் படித்து முடித்தாள் என்று புனிதனே வாய் திறந்து என்னிடம் சொன்னான். எனக்குத் தாங்கவில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் மெதுவாகப் பக்கத்தில் போனேன்.

"ஏன் யோகா, அந்த ரயில் கேஸு... கொலைகாரன் யாரு?"

அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்ககிட்ட சொல்லவா? சொன்னா இன்னிக்குச் சாயங்காலமே மாடசாமி மச்சான் வீட்டுல அதுதான் பேச்சா இருக்கும்ணே."

இன்னும் சொல்லவில்லை. பதினோரு பேரை இப்போது நான் சுமக்கிறேன்.