இரண்டாம் அசனம்

என் கணவருக்கு நோய் திரும்பி வந்துவிட்டது என்று எங்கள் இருவருக்கும் தெரிந்த பிறகும், வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் அவர் சுகமானதற்காக எல்லோரும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவரும் தலையைக் குனிந்து ஆமென் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர் மேல், அந்த நல்ல மனிதர்கள் மேல், அப்புறம் மேலே இருக்கிறவர் மேலும்தான்.

எல்லாவற்றுக்கும் அந்த அசனம்தான் காரணம். நான் சென்னைக்காரி. கல்யாணத்துக்கு முன் அந்தச் சொல்லையே கேள்விப்பட்டதில்லை. கணவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். அங்கே கோயில் பண்டிகையில் சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதற்கு அசனம் என்று பெயர். நினைத்தது நடந்தால் அசனம் வைக்கிறேன் என்று ஆண்டவரிடம் பொருத்தனை பண்ணிக்கொள்கிறவர்களும் உண்டு. நடந்துவிட்டால் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் போட்டே ஆக வேண்டும். குடலில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே, ஆஸ்பத்திரி வாசலில் காரை எடுக்காமல் உட்கார்ந்துகொண்டு, இவர் பொருத்தனை பண்ணிவிட்டார்.

ஆபரேஷன் முடிந்தது. கீமோ முடிந்தது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். இன்னும் சில மாதம் கழித்து ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் டாக்டர் சொன்னார். அந்தப் பாதி என் காதில் மட்டும் விழுந்தது போலிருக்கிறது. அதுவரை பொறுங்கள் என்று இவரிடம் மன்றாடினேன்.

"ஆண்டவர் செஞ்சுட்டாரு. அதுக்கு இன்னொரு ஸ்கேன் வந்து கையெழுத்துப் போடணுமா?" என்றார்.

நாங்கள் இருக்கும் நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோ என்கிற ஊரில், எங்கள் அபார்ட்மென்ட்டின் கிளப் ஹவுஸில் அசனம் வைத்தோம். அங்கே சமைக்க அனுமதி இல்லை. அதனால் மூன்று வீடுகளில் பிரித்துச் சமைத்து, பாத்திரங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி, பார்க்கிங் லாட் வழியாகத் தள்ளிக்கொண்டு போனோம். எங்கள் வீட்டு ஸ்மோக் அலாரம் அலறியதில் மாடி வீட்டு அமெரிக்கர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். போகும்போது கையில் ஒரு தட்டோடு போனார். பரிமாறுவதற்கு முன் இவர் எழுந்து, ஆண்டவர் தன்னை முழுசாகச் சுகமாக்கிவிட்டார் என்று சாட்சி சொன்னார். நிறைய பேர் அழுதார்கள். நானும் அழுதேன். அன்றைக்கு எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

அடுத்த ஸ்கேனுக்குப் போனபோது டாக்டர் தன் நாற்காலியை எங்கள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஈரலில் வந்திருந்தது. மறுபடி கீமோ போடலாம், கட்டுக்குள் வைத்திருக்கலாம் என்றார். குணமாகும் என்கிற பேச்சே இந்த முறை அவர் வாயிலிருந்து வரவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்க பயமாக இருந்தது.

ஜெபக் கூட்டத்தில் யாரிடமும் சொல்லக் கூடாது என்று இவர் கேட்டுக்கொண்டார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். அது இல்லை.

"கேட்டேன், குடுத்தாரு. பொருத்தனையையும் செலுத்தியாச்சு. மறுபடியும் எந்த முகத்தோட போய்க் கேக்கிறது?"

நன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு நம்மைக் கை கழுவிவிட்டார் உங்கள் ஆண்டவர் என்று சொல்லிவிட்டேன். இவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கோபப்படவில்லை. காலையில் எழுந்து வேதம் வாசிப்பதையும் விடவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். ஓர் அங்கிளின் முழங்கால் வலிக்கு, யாரோ ஒருவரின் கிரீன் கார்டுக்கு, எங்கள் மகளின் பரீட்சைக்கு என்று எல்லோருக்கும் ஜெபம் பண்ணுவார். தனக்கென்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அவருக்குப் பதில் நானாவது கேட்கலாம் என்று முட்டி போட்டால், ஜெபம் ஆரம்பித்த இடத்திலேயே சண்டையாகிவிடும்.

மறுபடி ஏற்றத் தொடங்கிய கீமோ மருந்துக்குக் குளிர் ஆகாது. ஃபிரிட்ஜிலிருந்து பால் எடுத்தால் விரல்களில் ஷாக் அடித்தது போல் இருக்கும். கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டுதான் ஃபிரிட்ஜைத் திறப்பார். ஜெபக் கூட்டத்தில் கைகளை ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நியூ ஜெர்சிக் குளிர், யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

குளிர் குறையத் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டத்தை நடத்தும் ஆன்ட்டி ஜெபம் முடிந்ததும் எங்களைப் பார்த்துச் சிரித்தார். நாகர்கோவில்காரர், இவரைச் சொந்தத் தம்பி மாதிரி நினைப்பவர். வருஷம் திரும்பப்போகிறது, மறுபடியும் அசனம் வைக்க வேண்டும், இந்த முறை சமையல் எல்லாம் எங்கள் பொறுப்பு, நீங்கள் துரும்பைக்கூட அசைக்க வேண்டாம் என்றார். "தம்பிக்கு ஆண்டவர் செஞ்ச நன்மையை நாம மறந்துடக் கூடாதுல்லா?"

இப்போதாவது சொல்லுங்கள் என்று இவரைப் பார்த்தேன். இவர் சிரித்தபடி தலையாட்டினார். வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் யார் கறி வாங்குவது, யார் வெங்காயம் உரிப்பது என்று வாட்ஸ்அப்பில் பேச்சு தொடங்கிவிட்டது. நான் காட்டுக் கத்தல் கத்தினேன். மகள் அறையிலிருந்து வெளியே வந்து, அப்பா மறுபடியும் அங்கே எழுந்து நின்று சாட்சி சொல்வாரா, சொன்னால் அது பொய்யாகாதா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். ஆசையா பிளான் பண்றாங்க" என்று மட்டும் இவர் சொன்னார்.

கீமோ ஏறிய வாரத்திலேயே அந்த நாளும் வந்தது. கிளப் ஹவுஸில் நீள மேஜைகளில் காகிதம் விரித்துத் தட்டுகள் வைத்திருந்தார்கள். முதல் வரிசைக்குச் சோறும் குழம்பும் பரிமாறியாகிவிட்டது. சாட்சி சொல்லி ஜெபம் பண்ணிய பிறகுதான் கை வைக்க வேண்டும். அசனம் வைப்பவர் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு கடைசியில் சாப்பிடுவார், அதுதான் இவர் ஊர் வழக்கம். இவர் எழுந்து நின்று கையுறைகளைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"போன வருஷம் இங்க நின்னு முழுசா சுகமாயிட்டேன்னு சொன்னேன். எனக்குத் திரும்ப வந்திருக்கு, லிவர்ல. வின்டர் முழுக்க கீமோதான். உங்ககிட்ட சொல்லல. ஆண்டவர்கிட்ட இனிமே என்ன கேக்கிறதுன்னு எனக்குத் தெரியல. ஆனா அவரை விட்டுட்டுப் போகவும் முடியல." அதோடு உட்கார்ந்துவிட்டார்.

யாராவது எழுந்து ஒரு வசனத்தைத் தூக்கி எங்கள் மேல் போடுவார்கள் என்று பயந்தேன். நோயை அதட்டிச் சத்தமாக ஜெபம் பண்ணுகிற பையன்கள்கூடத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆன்ட்டி முகம் வெளுத்துப் போயிருந்தது. மெல்ல எழுந்துபோய்ச் சோற்றுப் பாத்திரத்தை எடுத்து வந்தார்.

"இன்னைக்கு மொதல்ல நீங்க சாப்பிடுங்க தம்பி. சூடா இருக்கு."

குழம்பையும் அவரே ஊற்றினார். இவர் பிசைந்து ஒரு வாய் வைத்தார். கீமோ வாரத்தில் இவருக்குச் சாப்பாடெல்லாம் இரும்பைக் கடித்த மாதிரி இருக்கும். கஞ்சியே இறங்காது. வாயில் வைத்த சோற்றை விழுங்கவும் முடியாமல், இத்தனை பேர் முன்னால் துப்பவும் முடியாமல் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. நான் என்ன செய்ய? ஊசிக்குக் கூட்டிப் போகலாம், கார் ஓட்டலாம், இன்சூரன்ஸ்காரனோடு மல்லுக்கு நிற்கலாம். அவருக்காக ஒரு வாய் விழுங்க என்னால் முடியாது.

அப்போதுதான் கவனித்தேன். மேஜை முழுக்கத் தட்டுகளில் சோறு ஆறிக்கொண்டிருந்தது, ஒருவரும் கை வைக்கவில்லை. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. சோற்றை அள்ளப் போன ஒரு குழந்தையின் மணிக்கட்டை அதன் அம்மா பிடித்துக்கொண்டாள். எல்லோரும் இவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆண்டவரே, அது இறங்கட்டும் என்றேன். சுகமாக்கும் என்று கேட்கவில்லை. அந்த ஒரு வாய்ச் சோறு இறங்கினால் போதும் என்றுதான் கேட்டேன். அத்தனை மாதங்களில் சண்டை இல்லாமல் நான் பண்ணிய ஜெபம் அது ஒன்றுதான்.

ரொம்ப நேரம் மென்றார். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். ஆன்ட்டி பாத்திரத்தைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தார். இவர் அடுத்த வாயை உருட்டினார். அப்போதும் யாரும் சாப்பிடத் தொடங்கவில்லை.