பின்கதவால் வந்த பிரதம விருந்தினர்

பார்க்கிங் என்ற ஊரில் இருக்கும் என் கலியாண மண்டபத்தைத் தெரியாத தமிழர் கிழக்கு லண்டனில் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுடைய மண்டபம் அது. என் எழுபதாவது பிறந்தநாளை அங்கேதான் வைத்தேன்.

பிரதம விருந்தினர், ஜெர்மனியில் நான் முன்பு இருந்த சிறு நகரத்தின் அரசியல்வாதி. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்காரர். பேக்கரியில் பாண் போடுபவரின் மகன். நகரசபையில் தொடங்கி மாநிலச் சட்டசபை வரை போனவர். தலை நரைத்து, தானாக விலகும்வரை எந்தத் தேர்தலிலும் தோற்றதில்லை. ஞாயிறு தவறாமல் தேவாலயம் போவார். அங்கே எங்கள் கோயில் தேர் தெருவில் ஓடுவதற்கு அவருடைய கட்சிக்காரரே முகம் சுளித்தபோது, "நாங்களும் சிலுவையைத் தூக்கிக்கொண்டு இதே தெருவால்தானே போகிறோம்?" என்று கேட்டு வாயை அடைத்தவர்.

"அவர் என்ரை ஆள்" என்று லண்டனுக்கு வந்த நாளிலிருந்து சொல்லி வருகிறேன். பக்கத்து ஊரான செவன் கிங்ஸில் இருக்கும் என் மனைவியின் தம்பி மட்டும் நம்பவே மாட்டான். அவனும் ஜெர்மனியில் வேறொரு நகரத்தில் இருந்துவிட்டு வந்தவன். அந்தத் திமிர்.

அன்று நாதஸ்வரம், நிறைகுடம், மாலை சகிதம் முன்வாசலில் நின்றேன். மண்டபம் நிறைந்துவிட்டது. மேடையில் ஒரு கதிரை மட்டும் வெறுமையாக இருந்தது.

"அத்தான், உங்கட ஆள் வாற வழியிலை இன்னொரு எலெக்சனிலை நிண்டிட்டாரோ?" என்று கேட்டான் மைத்துனன்.

"பொறடா, வருவார்."

"வராட்டி அந்தக் கதிரையிலை நான் இருக்கிறன். கோட்டும் போட்டிருக்கிறன்."

சனம் சிரித்தது. இத்தனை வருடமாக நான் பேசிய பேச்சு முழுவதும் அந்த வெறுங்கதிரையில் தொங்கியது.

அப்போது மண்டபத்தில் கோப்பை கழுவுபவர் ஓடி வந்தார். "ஐயா, ஒரு வெள்ளைக்காரர் பின்கதவாலை வந்து குசினியிலை எல்லாருக்கும் கை குடுக்கிறார். என்ரை கை ஈரம் எண்டாலும் விடுறார் இல்லை!"

எப்படி மறந்தேன்! அவர் வாக்குக் கேட்கும் முறையே அதுதான். எந்த உணவகத்துக்குப் போனாலும் முதலில் பின்கதவு, பிறகு குசினி, கடைசியில்தான் மேசைகள். வாக்குரிமை இல்லாத அகதியாக நான் அங்கே ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிய காலத்தில், என் சோப்புக் கையைப் பிடித்துக் குலுக்கியதும் அப்படி வந்துதான். அவருக்குப் போய் முன்வாசலில் நிறைகுடம் வைத்திருக்கிறேன்.

நாதஸ்வரக்காரரையும் இழுத்துக்கொண்டு குசினிக்கு ஓடினேன். வடைச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றவருக்கு அங்கேயே மாலை போட்டேன். கையில் பாதி கடித்த வடை.

மேடையில் அவர் ஜெர்மன் மொழியில் ஒரே ஒரு வசனம் பேசினார். நான் தமிழில் சொன்னேன்: "தன் நகரத்தில் கண்ட முதல்தரமான உழைப்பாளி நான்தானாம். லண்டன் குடுத்து வைச்சதாம். என்னைப் போல இன்னொருத்தரை இனிக் காண ஏலாதாம்."

மைத்துனன் கீழே எழும்பினான். "அத்தான், எனக்கும் ஜெர்மன் விளங்கும். இவர் கோப்பை வடிவாக் கழுவுவார் எண்டுதானே சொன்னவர்?"

"ஓம், மிச்சம் நான் சொன்னது. அவர் என்ரை ஆளோ இல்லையோ, அதை மட்டும் சொல்லு!"

"உங்கட ஆள்தான் அத்தான், உங்கட ஆள்தான்" என்று தலைக்குமேல் கும்பிட்டான்.

அவரோடு செல்பி எடுக்க முதலாவதாக மேடையில் ஏறியவனும் அவன்தான்.