கல்வட்டத்துக்கு வெள்ளையடித்த கதை

போன வாரம் குன்னூரில் ஒரு பங்களா மதிலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். ஈரச் சுண்ணாம்பு வாசனை... அவ்வளவுதான், நின்றுவிட்டேன். முதலில் தும்மல் வந்தது. பின்னாலேயே என் கல்லூரிக் காலத்து அவமானமும் வந்தது.

அப்போது நான் தொல்லியல் இளங்கலை, கடைசி வருடம். அப்பா நடுவட்டம் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரி. என் படிப்புக்கு, தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் இருந்த மரியாதையைக் கேளுங்கள்.

"ஏங்கண்ணு, குழி வெட்டவா காலேஜு? இங்கயே வெட்டலாமே, சம்பளமும் குடுப்பாங்க!" என்பார் பக்கத்து வீட்டு அக்கா.

நியாயமான கேள்வி.

வேலை என்றால் மியூசியம், இல்லையேல் தொல்லியல் துறை. இரண்டுக்கும் அகழாய்வு முகாம் அனுபவம் வேண்டும். எங்கள் பேராசிரியரின் ஒரு மாத முகாமில் காலியிடம் ஒன்றே ஒன்று. கண் வைத்திருந்ததோ வகுப்பு முழுக்க! ஆனால் என்னிடம் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது — எங்கள் எஸ்டேட் மேட்டில், பாசி மூடி, பாதி சாய்ந்து கிடந்த கல்வட்டம். பழங்காலத்தவர் தங்கள் இறந்தவர்களைப் புதைத்த இடம்.

"நேர்ல வந்து பாக்கறேன். தேறுச்சுன்னா இடம் உனக்கு" என்றார் பேராசிரியர்.

அப்பாவுக்குக் கடிதம் போட்டேன்: 'சார் கல்லைப் பார்க்க வருகிறார்.'

அந்த ஒற்றை வரிதான் வினை. எஸ்டேட்டுக்குப் பெரிய மனிதர் யாராவது வந்தால் என்ன செய்வார்கள்? பாதையோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளையடிப்பார்கள். வருகிறவரோ கல்லையே பார்க்க வருகிறார்... சும்மா விடுவார்களா?

பஸ்ஸை விட்டிறங்கி, மூடுபனிக்குள் மூச்சிரைக்க ஏறினோம். மேட்டில் பனி மெல்ல விலகியது. பளீர்!

பாசியைச் சுரண்டி, விழுந்ததை நிமிர்த்தி, வெள்ளையடித்து, நடுவில் செவ்வந்திச் செடி வேறு. ஆயிரமாயிரம் ஆண்டு மௌனத்தை அப்பாவின் ஆட்கள் மூன்றே நாளில் முடித்துவைத்திருந்தார்கள்.

"ரெண்டு கோட்டு அடிச்சமுங்க சார். ஒண்ணோட விட்டா பாசி தெரியுதுங்க" என்றார் அப்பா, பெருமையாக.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். கற்கள் வெள்ளையாகவே இருந்தன.

"முன்னால எப்படி இருந்துச்சு? உன் வரைபடத்தக் காட்டும்மா."

வரைபடமா? அவர் வந்தபிறகு வரையலாம் என்றல்லவா இருந்தேன்! தொடுவதற்கு முன் வரைந்து வை — தொல்லியலின் முதல் பாடம். பரீட்சையில் அழகாக எழுதி மார்க் வாங்கியிருந்தேன்.

அப்பா குறுக்கே வந்தார்.

"நாஞ் சொல்றனுங்க. இது கெழக்கால சாஞ்சு கெடந்துச்சு. அது ரெண்டு துண்டா. இதுக்கடியில கறுப்பா ஒரு பானை ஓடு இருந்துச்சுங்க... எடுக்கலீங்க, இருந்த எடத்துலயே மண்ணத் தள்ளி மூடிட்டமுங்க."

எந்தச் சரிவில் எந்தச் செடி பட்டுப்போனது என்பதுகூட அவருக்கு மனப்பாடம். சார் எழுதிக்கொண்டே போனார். நான் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று வருடப் படிப்பு அதற்காவது உதவியது!

சாயங்கால பஸ்ஸில் ஏறிய சார் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். முகாமில் இடம் உண்டா... இல்லையா? வண்டி நகரத் தொடங்கியது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"மேஸ்திரி... உங்களுக்கு ஒரு மாசம் லீவு கிடைக்குமா?"