ஸ்பானர் பை இல்லாமல் ஒரு ஃபிட்டர்

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்திருந்த சமயம், எங்கள் தோட்டத்து ரப்பர் ஆலையைக் காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்டுகள் கொளுத்திவிட்டார்கள். நடுப்பகல், நாங்கள் சாப்பிடப் போயிருந்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் பார்த்துக்கொண்டு வந்த டீசல் இன்ஜின் கருகிக் கிடந்தது. அதற்குப் பிறகு ரப்பர் பாலை லோரியில் ஏற்றி வேறொரு தோட்டத்து ஆலைக்கு அனுப்பினார்கள். அங்கே ஏற்கெனவே ஃபிட்டர் இருந்தார்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி என்னைக் கூப்பிட்டார்.

"துரை ரெண்டு வழி சொல்றாரு. புல்லு வெட்டுற கூட்டத்துல சேந்துக்க. இல்லன்னா காவலுக்குத் துப்பாக்கி தூக்கு. எது வேணும்?"

"ரெண்டும் வேணாங்கய்யா. நான் ஃபிட்டர். அந்த வேலையையே தேடிக்கிறேன்."

"இந்தக் காலத்துலயா? ரோட்டுல போகவே பயமா இருக்கு லா."

"பயம்னு சொல்லி எல்லா மெஷினும் நின்னுடலையே ஐயா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் திமிராகச் சொல்லவில்லை. என் கைக்கு வேலை இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அது எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

என் மனைவி அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கும் வேலையில் இருந்தாள். அதனால் தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீடு எங்கள் கையை விட்டுப் போகவில்லை. "நான் சமாளிச்சுக்குவேன்," என்றாள். "அவசரப்பட்டுப் புல்லு வெட்டப் போயிட்டா, அப்புறம் உங்கள ஃபிட்டர்னு எவனும் நெனைக்க மாட்டான்."

சொல்லப்போனால் எனக்கு வேலை தேடியதே அவள்தான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் நான் ஆண்களோடு நின்று ஊர்க்கதை பேசுவேன். அவள் ஒவ்வொரு பெண்ணிடமும் போய், "ஒங்க பக்கம் இன்ஜின் ஓடுற எடம் இருக்கா?" என்று கேட்பாள். பத்தாங் காலிப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆள் தேவை என்று தெரிந்தது. சம்பளமும் நல்ல சம்பளம். நான் கிளம்பத் தயாரானேன்.

"அந்தப் பக்கம் வேணாங்க. லோரியச் சுடுறாங்களாம். சம்பளம் வாங்குறதுக்கு நீங்க இருக்கணும்ல?"

பத்தாங் காலியை விட்டுவிட்டேன். அடுத்து அவள் கொண்டுவந்த செய்தி சபாக் என்ற ஊரில் இருந்த தேங்காய் எண்ணெய் ஆலையைப் பற்றியது. அங்கே இருந்த ஃபிட்டர் ஜொகூருக்குப் போய்விட்டாராம். இன்ஜின் அடிக்கடி நின்றுவிடுகிறதாம்.

வெளுத்த சட்டை போட்டு, ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டு காலை பஸ் ஏறினேன். வழியில் போலீஸ் தடுப்பு. எல்லாரையும் இறக்கி, காட்டுக்குப் போகும் அரிசியோ மருந்தோ இருக்கிறதா என்று சோதித்தார்கள். மலாய்ப் போலீஸ்காரர் என் பையைக் கவிழ்த்தார். அடையாளக் கார்டைக் காட்டினேன்.

"இவ்வளவு இரும்பு யாருக்கு?"

"எனக்குத்தான். வேலை தேடிப் போறேன்."

"உன் முதலாளியோட கடிதம் எங்கே?"

"முதலாளி இனிமேதான் கிடைக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. வேலை கிடைத்ததும் கடிதம் கொண்டுவந்து பையை வாங்கிக்கொள்ளச் சொன்னார். வேலை கிடைக்கப் பை வேண்டும், பை கிடைக்க வேலை வேண்டும். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பஸ்காரர் ஹாரன் அடித்தார். திரும்பிப் போவதற்குக் காரணம் ஒன்றும் தெரியாததால் ஏறி உட்கார்ந்தேன்.

எண்ணெய் ஆலையை நடத்தியது ஒரு சீன அம்மாள். கணவர் இறந்த பிறகு எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார். மலாயில்தான் பேசினோம். வெறுங்கையோடு நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஃபிட்டர் என்கிறாய். சாமான் எங்கே?"

நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"போலீஸ் பிடித்த ஆளா? எனக்குத் தொல்லை வேண்டாம்."

"பிடிச்சது என்னை இல்ல, பையைத்தான். உங்க ஸ்பானரைக் கொடுங்க. மத்தியானத்துக்குள்ள இன்ஜின் ஒழுங்கா ஓடலைன்னா நானே பஸ் ஏறிடுறேன்."

அவர் இன்ஜின் கொட்டகையைக் கை காட்டினார். இன்ஜின் கறும்புகை கக்கிக்கொண்டிருந்தது. டீசல் பீச்சும் குழாயின் வாயில் கரி அடைத்திருந்தது. கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினேன். பெல்ட்டையும் இழுத்துக் கட்டினேன். முடுக்கியதும் முதலில் இருமியது. பிறகு சீராக ஓடியது. புகை வெளுத்தது. அம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளையிலிருந்து நாள்கூலிக்கு வா," என்றார்.

"மாதச் சம்பளம்தான் வேணும். குடியிருக்க வீடு வேணும். ஞாயிறு காலையில லீவு. அப்புறம், போலீசுக்கு இன்னைக்கே கடிதம்."

"நான் இன்னும் சரி என்றே சொல்லவில்லையே?"

"நாளைக்குக் கேட்டா உங்க நேரமும் வீண், என் நேரமும் வீண்."

அவர் உரக்கச் சிரித்தார். கடிதம் எழுதவில்லை. கொப்பரை லோரியில் என்னோடு தானே ஏறிக்கொண்டார். தடுப்பில் இறங்கி, "இவன் என் ஆள், பையைக் கொடு," என்றார். போலீஸ்காரர் அவரை அறிந்தவர் போலும். உடனே பையை எடுத்துக் கொடுத்தார். ஊரடங்குக்கு முன்னால் வீடு சேர்ந்தேன்.

அடுத்த மாதம் என் மனைவி சட்டி பானையோடு சபாக்கில் வந்து இறங்கினாள். வீடு இன்ஜின் கொட்டகையை ஒட்டியே இருந்தது.

"இந்தச் சத்தத்துல எப்படிங்க குடியிருக்கிறது?"

"பழகிடும்."

பழகத்தான் செய்தது. சில மாதங்களில், இன்ஜின் ஓட்டம் லேசாக மாறினால்கூட அடுப்படியிலிருந்து எனக்குக் குரல் கொடுக்க ஆரம்பித்தாள்.